முடிவெட்டிப் பூச்சியும் தாணுலிங்கம் சாரும்

அந்தப் பூச்சி முடி வெட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், நானும் அந்த ஊர்க்காரர்களைப் போல நம்பிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

முடி வெட்டாது. விஷம் கிடையாது. மனுஷரைத் துரத்தவும் துரத்தாது. வெயிலில் நாம் நின்றால் நம் நிழலுக்குள் வந்து ஒதுங்கப் பார்க்கும், அவ்வளவுதான். நாம் பயந்து ஓடுவோம். நிழலும் கூடவே ஓடும். அது பாவம் நிழலைப் பிடிக்க ஓடிவரும். உடனே துரத்துது, துரத்துது என்று கூப்பாடு போட்டுச் செருப்பால் அடித்துக் கொன்றுவிட்டு, பெரிய வீரம் செய்த மாதிரி உட்காருவார்கள்.

நெட்டப்பனை விளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் முடிவெட்டி. செம்மண் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிற ஊர் அது. எங்கே பார்த்தாலும் சிவப்பு மணலும் பனையும்தான். பூச்சியைப் பார்த்தால் சிலந்தி மாதிரி இருக்கும், ஆனால் சிலந்தி இல்லை. தேள் மாதிரியும் தெரியும், கொடுக்கு இல்லை. உள்ளங்கை அகலம், வைக்கோல் நிறம், மேலெல்லாம் ரோமம். முன்னால் பெரிதாக இரண்டு இடுக்கி, அதுதான் வாய். மேலும் கீழுமாகத் திறந்து மூடும். அந்த இடுக்கியைப் பார்த்துத்தான் யாரோ கதை கட்டிவிட்டார்கள்.

தூங்குகிற பொம்பளையின் முடியை அது வெட்டிக்கொண்டு போய், குழிக்குள் மெத்தை போட்டுக் குட்டி போடுமாம். அப்படி வெட்டுப்பட்டவள் தீட்டு. முடி மறுபடி வளர்ந்து இடுப்பைத் தொடுகிறவரைக்கும் அவள் புருஷன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதற்குள் அவளைத் தொட்ட ஆம்பளைக்குக் கை விளங்காமல் போய்விடும். பனையேறிப் பிழைக்கிற ஊரில் கை விளங்காது என்று சொன்னால் அப்புறம் யார் தொடுவான்.

அம்மா வீடு இருக்கிறவளை அங்கே அனுப்பிவிடுவார்கள். இல்லாதவளைத் தேரிக்குள் இருக்கிற எங்கள் மடத்தில் கொண்டுவந்து விடுவார்கள், மாட்டைப் பட்டியில் அடைக்கிற மாதிரி. ஒரு வார்த்தை, இவளுக்குச் சோறு உண்டா, துணி உண்டா என்று கேட்கமாட்டார்கள்.

மடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் ஓலை இறக்கிய சமையல் சார்ப்பு, ஓர் அடிபம்பு. அங்கே குருவாக இருப்பவர் சுயம்புக்கனி அம்மை. நாற்பத்தைந்து வயசிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் அங்கே சோறு பொங்குகிறவள். சீடர் என்று இருப்பது ஒரே ஒருத்தர், தாணுலிங்கம் சார். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவர். குருவைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். அதனால் அம்மை அவரை அண்ணாச்சி என்பார். அவர் அம்மையை அம்மா என்பார். என்னைத் தங்கச்சி என்பார்.

சார் பொய் சொல்லமாட்டார். நல்ல குணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் உண்மை கையில் கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவரால் ஆகாது. வந்த புதிதில் ஊர்க்கோயில் மதிலோரம் கோடையிலும் வற்றாமல் ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. தீர்த்தம் என்று சனங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். சார் மண்வெட்டியோடு போய்த் தோண்டி, அது பஞ்சாயத்துக் குழாய் உடைப்பு என்று காட்டிவிட்டு வந்தார். பஞ்சாயத்தில் உடைப்பை அடைத்தார்கள். அந்தக் கசிவை நம்பித் தண்ணீர் எடுத்த கோயிலடி வீட்டுப் பொம்பளைகள் அன்றையிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கிறார்கள். சார் அதைப் பார்க்கவில்லை. அவருக்கு உண்மை நிரூபணமானது போதும்.

பங்குனி மாசம் சந்தனமாரியைக் கொண்டுவந்து விட்டார்கள். லிங்கதுரையின் பெண்டாட்டி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுதான் இருக்கும். தாய் தகப்பன் இல்லை. மாமியார் பரிபூரணம் பையை வாசலில் வைத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் சடையைக் காணோம், சுவரில் முடிவெட்டி இருந்தது என்று சொன்னாள். சொல்லும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லிங்கதுரை உள்ளேயே வரவில்லை. தூரத்தில் வெயிலில் நின்றான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அவன் கை அவனுக்கு அவ்வளவு முக்கியம்.

அவள் தலையைப் பார்த்தேன். பிடரியோடு ஒட்ட வெட்டி, ஏறுக்கு மாறாகக் கிடந்தது.

தீட்டுப் பட்டவளுக்கு முதல் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அடிபம்படியில் உட்காரவைத்து ஊற்றினேன். தண்ணீர் பட்டு முடி படிந்ததும் தலை தெரிந்தது. அங்கங்கே வேரோடு போன இடங்கள். சிலது பழசு, தோல் வழுவழு என்று இருந்தது. சிலது இன்னும் புண். இடது காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து தைக்காமலே ஆறிய தழும்பு.

ஊற்றின தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சோறு சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகு அவளாகவே சொன்னாள்.

"முடியைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிடுவாவ அக்கா. அப்புறம் எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போலாம்."

அவளேதான் தையல் மிஷின் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள். சடையைக் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பில் போட்டுவிட்டாள். முந்தின சாயங்காலம் விளக்கடியில் பூச்சி பிடிக்க வந்த முடிவெட்டி ஒன்றைக் கும்பாவால் மூடிவைத்திருந்து, விடியும்போது சுவரில் ஏற்றிவிட்டிருக்கிறாள். முடியை வெட்டும்போது அழுகை வரவில்லையாம். அந்தப் பூச்சியைத் தொடத்தான் பயமாக இருந்ததாம்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நான் இந்த மடத்துக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பெண்களுக்குத் தலைக்கு ஊற்றியிருக்கிறேன். எல்லாம் இந்த மாதிரி வீட்டுப் பெண்கள்தான். ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிற ஒரு ஆம்பளையின் வீட்டுக்குள் அந்தப் பூச்சி போய் முடி வெட்டினதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று பூச்சிக்கு எப்படித் தெரியும்? ஊரில் இத்தனை ஆம்பளைகள் மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்களே, ஒருத்தனுக்காவது இது தோன்றியதா? இந்தக் கதையை முதலில் கிளப்பிவிட்டது எந்தக் காலத்துப் பொம்பளையோ, அவள் நன்றாக இருக்கட்டும்.

சந்தனமாரி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். அம்மையிடம் சொல்லலாம், சாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். ஊற்று விஷயம் அவளுக்கும் தெரியும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அம்மையிடம் சொன்னேன். அவளைப் பார்த்தபோதே அம்மைக்குப் புரிந்துவிட்டிருந்தது. சாரைச் சமாளிக்கிறதுக்கு நீங்களாவது ஜாடையாகச் சொல்லிவைக்கலாமே என்றேன். அது அவளுடைய சங்கதி, நாம் எடுத்து ஊருக்குக் கொடுக்க முடியாது என்றார் அம்மை. அதோடு முடித்துக்கொண்டார்.

சாருக்கு அன்றைக்கே கோபம் தலைக்கேறிவிட்டது. கொட்டகைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். படிக்காத சனம், காட்டுமிராண்டித்தனம், ஒரு சின்னப் பூச்சியைச் சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிறார்கள் என்று கத்தினார். அந்தக் கோபம் நியாயமானது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை நியாயமான கோபத்தை அவர் தப்பான ஆள்மேல் கொட்டிக்கொண்டிருந்தார்.

அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சார் எதிரே போய் நின்றார்.

"அம்மா, கண்ணுக்கு முன்னால ஒரு பொய் ஒரு பொண்ணை வீட்டை விட்டு விரட்டுது. உண்மை தெரிஞ்சவன் சும்மா இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்றார் அம்மை. "கொஞ்சம் பழகணும்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மை சுளகில் பாதி அரிசியை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்காரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பூச்சி பிடிக்கப் போய்விட்டார்.

முதலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். அது கண்ணாடியில் விறுவிறு என்று ஏறி வெளியே வந்துவிட்டது. சாருக்கு ஒரே சந்தோஷம். முன்னால் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது கால் இல்லையாம், தடவிப் பார்க்கிற உறுப்பாம், அதன் நுனி ஒட்டுமாம். பின்னங்காலுக்கு அடியில் விசிறி மாதிரி சின்னச் சின்னதாக இருக்கிறதே, அது மணலை மோந்து பார்க்க என்றார். அப்புறம் பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, மேலே கொசுவலை கட்டி வைத்தார். கரப்பான் பூச்சியைப் பிடித்துப் போட்டார். இரண்டு இடுக்கியும் மாறி மாறி அரைத்து, கரப்பானைக் கூழாக்கி உறிஞ்சியது. வயிறு வீங்கி நகர முடியாமல் படுத்துக்கொள்கிற வரைக்கும் தின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சார் அதைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் சீப்பில் வந்த முடி கேட்டார். கொடுத்தேன். எண்ணெய் தடவின முடி, தடவாத முடி, பூ வைத்த முடி என்று விதவிதமாகப் போட்டார். பூச்சி வந்து தடவிப் பார்க்கும், மேலே ஏறி அந்தப் பக்கம் போய்விடும். ஒரு இழை வெட்டவில்லை. தினமும் சட்டியடியில் குந்திக்கொண்டு அதனிடம் பேசுவார். என்ன ராசா, பசிக்கலையா, இந்த முடி பிடிக்கலையா, வெயில் அதிகமா இருக்கா என்று. பத்தடி தூரத்தில் சார்ப்புக்குள் சந்தனமாரி வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் அவளிடமும் பேசினார். பேசினார் என்றா சொல்வது, பாடம் நடத்தினார். இது சிலந்தி இல்லை, தேளும் இல்லை, விஷப்பை கிடையாது, ஒரு வருஷம்தான் ஆயுசு என்று எல்லாம் சொல்லி, உன்மேல் தீட்டு எதுவும் இல்லை, நானே நிரூபித்து உன்னை உன் வீட்டில் கொண்டு சேர்க்கிறேன் என்றார்.

அவள் எழுந்து நின்று, வேண்டாம் சார் என்றாள்.

பயப்படாதே என்று சொல்லிவிட்டு அவர் சட்டிக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைப் போட்ட போடு அவருக்குக் கேட்டிருக்கும். நேரே போய்க் கேட்டுவிட்டேன். சார், அவள் வீட்டுக்குப் போகணும் என்று உங்களிடம் சொன்னாளா?

"எந்தப் பொண்ணு தங்கச்சி தன் வீட்டுக்குப் போக வேண்டாம்னு சொல்லுவா?" என்றார்.

வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேனே. அடுப்படிக்கு வந்து புகையைச் சாக்காக வைத்து அழுதேன்.

ஊர்த் தலைவர் கோயில்பிச்சையைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடத்துக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் என்று சாரே ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். லிங்கதுரையும் அவன் அம்மாவும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மை முதல் தடவையாக அவரிடம் நேராகச் சொன்னார், இது வேண்டாம் அண்ணாச்சி என்று.

சார் கொதித்துப்போனார். நீங்களுமா ஊருக்குப் பயப்படுகிறீர்கள் என்றார். பொய்யை எதிர்த்து நிற்க முடியாத இடத்தில் எனக்கு என்ன ஞானம் கிடைக்கப்போகிறது என்றார். தடுத்தால் இன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார்.

"தடுக்கல" என்றார் அம்மை. "சட்டியை நிழல்ல வைங்க. அது வெயில் தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தனமாரி பையைக் கட்டிவிட்டாள். தேரிக்குள் நடந்தே அந்தப் பக்கம் போய்விடுகிறேன் என்றாள். அந்த வெயிலில், அந்த மணலில், எங்கே போவாள்? அம்மை பையை வாங்கிக் கீழே வைத்தார். சொல்ல நினைத்தால் நீயே சொல்லு, இல்லையென்றால் என் பக்கத்தில் உட்காரு, என்னைத் தாண்டித்தான் அவன் உன்னைத் தொடவேண்டும் என்றார். அவள் வந்து அம்மையின் காலடியில் உட்கார்ந்தாள். நான் அரிவாள்மணையைச் சார்ப்பு வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுக் காய் நறுக்கினேன். அன்றைக்கு நறுக்கவேண்டிய காய் ஒன்றுமில்லை.

ஊர் வந்தது. ஆம்பளைகள் கொட்டகைக்குள், பொம்பளைகள் வெளியே பனைநிழலில். லிங்கதுரை மட்டும் பழையபடி வெயிலில் நின்றான், கையை முதுகுக்குப் பின்னால் கட்டி.

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. சட்டியைத் திறந்து எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார். வெறும் கையில் பூச்சியை எடுத்து முழங்கைமேல் விட்டார். அது கடித்தது. ரத்தம் வந்தது. விஷம் இருந்தால் நான் இப்போது விழவேண்டும் அல்லவா என்று சிரித்தார். பிறகு பரிபூரணத்திடமே ஒரு முடி கேட்டு வாங்கிச் சட்டியில் போட்டார். பூச்சி தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது. இன்னொரு முடி. அதையும் தொடவில்லை. கரப்பான் போட்டதும் பாய்ந்து பிடித்தது. ஊர் வாயைப் பிளந்து பார்த்தது.

"பாத்துக்கிடுங்க" என்றார் சார். "இதுக்கு முடி எதுக்கு? தின்னவா, கட்டிக்கவா? இது இந்தப் பொண்ணோட தலையைத் தொடவே இல்ல. தீட்டும் கிடையாது, கை விளங்காமப் போறதும் கிடையாது. கூட்டிட்டுப் போங்க."

சலசலப்பு எழுந்தது. வயசாளிகள் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். படித்தவர் கடி வாங்கிக் காட்டியிருக்கிறார், இனி என்ன சொல்ல முடியும்.

லிங்கதுரை வெயிலை விட்டு உள்ளே வந்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த கையைப் பிரித்தான். சட்டியைக் கடந்து, சாரைக் கடந்து, சந்தனமாரிக்குப் பின்னால் வந்து நின்றான். எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம் என்றான். குரலில் கோபம்கூட இல்லை. வலது கை அவள் பிடரிக்குப் போனது. அங்கே காற்றில் இரண்டு சுற்று சுற்றியது. விரல் மூடியது. உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடி திறந்து மூடியது.

அவன் யோசித்துச் செய்யவில்லை. அது அந்தக் கையின் பழக்கம்.

சந்தனமாரி அதைப் பார்க்கவில்லை, பின்னால் நடந்தது. ஆனால் கை வருகிறபோதே தோளைக் குறுக்கித் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொடுத்துவிட்டாள், சீக்கிரம் முடியட்டும் என்கிற மாதிரி. சாய்த்ததில் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பு தெரிந்தது.

சார் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கொசுவலை. பூச்சியின் வாயை அத்தனை நாள் உற்றுப் பார்த்த கண்ணாயிற்றே, தெரியாமல் போகுமா. கையைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். அவள் தலையில் முடியில்லாத இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் சார்ப்பு வாசலிலிருந்து பார்த்தேன்.

அம்மை எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் அரிவாள்மணையில் இருந்து எழுந்தேன்.

அப்போதுதான் கோயில்பிச்சை கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை, நியாயமாகத்தான் கேட்டார்.

"சரி சார், பூச்சி வெட்டலன்னா வெட்டினது யாரு?"

கொட்டகை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பரிபூரணம் எட்டிப் பார்த்தாள். லிங்கதுரையின் முகத்தில் மெதுவாக ஏதோ விளங்க ஆரம்பித்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். சட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"இது ஆண்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"இது ஆண் பூச்சி. நான்... நான் கவனிக்கல. கால் நீளமா, உடம்பு ஒடிசலா இருக்கு பாருங்க. ஆண் வெட்டாது. வெட்டுறது பொட்டை."

முதலில் குரல் தடுமாறியது. பிறகு வகுப்பில் பாடம் எடுக்கிற குரல் வந்துவிட்டது. பொட்டைப் பூச்சி உடம்பு பெருத்திருக்கும் என்றார். மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டும் என்றார். அதற்குள் முட்டையிட்டு, இரை எடுக்காமல் காவல் கிடக்கும் என்றார். எல்லாம் உண்மை. அந்த முட்டைக்கு மெத்தை போடத்தான் முடி வேண்டும் என்றார். அது பொய். சோற்றுக்குள் கல் மாதிரி நடுவில் ஒரே ஒரு பொய்.

லிங்கதுரை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். மறுபடி வெயிலுக்கே போய் நின்றான்.

"அதான பாத்தேன்" என்றார் ஒரு வயசாளி. ஊருக்கு நிம்மதி. எங்கள் பாட்டன் பூட்டன் சொன்னது சரிதான், கல்லூரியில் படித்தவரே சொல்லிவிட்டார் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். முடி இடுப்பைத் தொடும் வரைக்கும்தானே சார் என்று பரிபூரணம் கேட்டாள். இடுப்பைத் தாண்டவேண்டும் என்றார் சார். நடுவில் மறுபடி வெட்டிவிட்டால் முதலில் இருந்து என்றார். அதையும் அவரே சேர்த்தார், யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்து போனது. போகிறபோது ஒரு பையன்மார் கூட்டம் குழி தோண்டிப் பொட்டைப் பூச்சியைத் தேடலாம் என்று பேசிக்கொண்டு போனதும் காதில் விழுந்தது. சாருக்கும் விழுந்திருக்கும்.

அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு புதரடியில் நிழல் பார்த்துப் பூச்சியை இறக்கிவிட்டார். வந்து சாப்பிடவில்லை. சாயங்காலம் வரைக்கும் கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, அடிபம்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மையிடம் வந்தார். அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் அதுவரை பார்த்ததில்லை. அன்றைய கோபத்துக்குச் சத்தம் இல்லை.

தான் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் இது என்றார். அதையும் தன் படிப்பின்மேல் சத்தியம் வைத்த மாதிரி சொல்லியாகிவிட்டது என்றார். இனிமேல் இந்த ஊரில் எவனாலும் அந்தக் கதையை அசைக்க முடியாது, நான் ஆணி அடித்துவிட்டேன் என்றார். முட்டையோடு கிடக்கிற பூச்சியையெல்லாம் தோண்டிக் கொல்லப்போகிறார்கள், என் பெயரைச் சொல்லிக் கொல்லப்போகிறார்கள் என்றார். அந்தப் பயல் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், அவனை ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை, செருப்பைக் கழற்றி அடித்திருக்க வேண்டாமா, போலீசில் சொல்லியிருக்க வேண்டாமா, நான் என்ன செய்தேன், ஒரு வாயில்லாப் பூச்சியைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன் என்றார். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சமையல்காரத் தங்கச்சிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது என்றார். சொல்லச் சொல்லக் குரல் உடைந்துவிட்டது.

அம்மை சட்டியைக் கவிழ்த்துவைத்தார்.

"நான் செஞ்சது சரியா, தப்பா? இதை மட்டும் சொல்லுங்கம்மா. அந்தப் பொண்ணு இனி என்ன செய்யணும், நான் என்ன செய்யணும்? நீங்கதான குரு, நீங்க சொல்லுங்க."

சமையல் சார்ப்புக்குள் சந்தனமாரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அம்மை கையை உதறிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார்.

"இதையாவது அவகிட்டப் போய்க் கேளுங்க, அண்ணாச்சி."